மாண்ட்ரியலில் ஒரு இரண்டு சீட்டு வண்டி

மாண்ட்ரியல், கனடா,
ஜனவரி

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கோத்தகிரியில் இந்த வருடம் உறைபனி கடுமை என்று தம்பி சொன்னான். பள்ளத்தில் இருக்கிற தேயிலைதான் முதலில் கருகும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குப் போனில் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டது. "இரண்டு பேர் மட்டும் உட்காரும் வண்டி, பழைய வண்டி, மேலே துணிக்கூரை. பனி கொட்டுகிற ஊரில் இதை எவன் வாங்குவான்?" என்று கேட்டீர்கள். பின்னாலிருந்து அம்மா, ஸ்டெப்னியாவது இருக்கிறதா என்று கேட்டது காதில் விழுந்தது. இல்லை அம்மா. பஞ்சர் அடைக்கும் பசையும் காற்றடிக்கும் சின்ன மோட்டாரும்தான் கொடுத்திருக்கிறார்கள்.

வண்டி மாஸ்டா எம்எக்ஸ்-5, 2017-ஆம் ஆண்டு மாடல், கையால் கியர் போடுவது. இன்ஜின் முன்னால், இழுவை பின் சக்கரத்தில். அந்த வகையில் நீங்கள் ஓட்டிய லாரியின் ஜாதிதான். எடைதான் 1,100 கிலோவைத் தொடாது. வாங்குவதற்கு முன் லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பார்த்த பிறகே விலை பேசினேன். பெயின்ட்டைப் பார்த்து மயங்காதே, கீழே படுத்துப் பார் என்று நீங்கள் சொல்வது நம் ஊரைவிட இந்த ஊருக்குத்தான் பொருத்தம். ஏனென்றால் இங்கே வண்டிக்கு எமன் பனி அல்ல, உப்பு.

சாலையில் பனி இறுகாமல் இருக்க மாநகராட்சி லாரிகள் உப்பை அள்ளிக் கொட்டிக்கொண்டே போகின்றன. குளிர் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண உப்பு மந்தமாகிவிடும். அப்போது மணலும் பொடிக்கல்லும் தூவுகிறார்கள். அந்த உப்புக் கரைசல் பிரேக் குழாய், சேஸிஸ், போல்ட் எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்து தின்னும். அதனால் குளிர் தொடங்குமுன்பே அடிப்பாகம் முழுக்கத் துரு தடுக்கும் எண்ணெய் அடித்தாயிற்று. சில நாள் சொட்டிக்கொண்டே இருந்தது, வீட்டுக்காரர் முறைத்தார். பிரேக் கட்டையை அழுத்தும் காலிப்பரின் பின்களைக் கழற்றித் துடைத்து கிரீஸ் வைத்தேன். அது இறுகிப்போனால் ஒரு பக்கப் பிரேக் மட்டும் பிடிக்கும், பனியில் அதைவிட வேறு வினை வேண்டாம். பிரேக் ஆயிலும் புதிது. அது காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சரக்கு என்பது உங்களுக்குத் தெரியும். துணிக்கூரை மடங்கும் இடத்தில் மழைத்தண்ணீர் வடிய இரண்டு துளைகள் உண்டு. இலையும் தூசியும் அடைத்தால் தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் இறங்கும். அவற்றையும் குத்திச் சுத்தம் செய்தேன். கூரையைக் குளிர்காலம் முழுக்கத் தொடுவதில்லை. உறைந்து விறைத்த துணியை மடக்கினால் வெடித்துவிடும்.

டயர் விஷயத்தில் நம் ஊர்க் கணக்கு இங்கே செல்லாது. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். மாட்டாமல் பிடிபட்டால் அபராதம் 200 டாலருக்குக் குறையாது. சட்டம் இல்லாவிட்டாலும் மாட்டியிருப்பேன். வண்டியோடு வந்த கோடைக்கால டயர் 7 டிகிரிக்குக் கீழே கருப்பட்டி போல இறுகிவிடுகிறது. அதற்குப் பிறகு டயரின் பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பிடிப்பு கிடையாது. பனிக்கால டயரின் ரப்பர் குளிரிலும் இளக்கமாக இருக்கும். மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பக்கவாட்டில் பொறித்திருந்தால் அசல். இழுவை பின்னால்தானே, இரண்டு போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். போதாது. பின்னால் மட்டும் மாட்டினால் வண்டி கிளம்பும், ஆனால் வளைவில் முன் சக்கரம் திரும்ப மறுத்து நேரே போகும். நான்கும் மாட்டினேன். காற்றையும் அடிக்கடி பார்க்க வேண்டும்; குளிர் ஐந்தாறு டிகிரி இறங்கினாலே ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ குறைந்துவிடும்.

இனி ஓட்டுவது. இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ஆசை.

இந்த ஊருக்கே பெயர் கொடுத்த மலை ஒன்று நடுவில் இருக்கிறது. உயரம் 233 மீட்டர்! தொட்டபெட்டாவை 2,637 மீட்டரில் பார்த்து வளர்ந்தவனுக்கு அது மேடு. ஆனால் அந்த மேட்டின் சரிவில்தான் என் வீடு, காலையில் அதில் இறங்கித்தான் வேலைக்குப் போகிறேன். குஞ்சப்பனை இறக்கத்தில் தேயிலை மூட்டைகளோடு இரண்டாவது கியரைப் போட்டுவிட்டு, பிரேக்கில் கால் வைக்காதே, இன்ஜினே பிடிக்கட்டும் என்பீர்களே, காய்ந்த தார்ச் சாலையில் அது வேதவாக்கு. பிரேக் சூடாகிக் கைவிடாது. ஆனால் கண்ணாடிப் பனியில், பின் சக்கர வண்டியில், சட்டென்று கியரைக் குறைத்தால் இன்ஜின் பின் சக்கரங்களை மட்டும் இழுத்துப் பிடிக்கும். அவை சறுக்கும், வால் பக்கவாட்டில் ஒதுங்கும். இங்கே பயிற்சி கொடுப்பவர்களும் அதைச் சொல்லித்தான் எச்சரிக்கிறார்கள்.

ஆனால் உங்களிடம் இன்னொரு வித்தை இருந்தது. பல்சக்கரங்களின் வேகத்தைத் தானே சேர்த்துவிடும் சின்க்ரோ இல்லாத அந்தப் பழைய லாரியில் டபுள் கிளட்ச் போடுவீர்கள், ஒரு கியர் மாற்றக் கிளட்சை இரண்டு தடவை மிதிப்பீர்கள். நியூட்ரலில் ஆக்சிலேட்டரை லேசாகத் தட்டி, இன்ஜின் வேகத்தைச் சக்கரத்தின் வேகத்தோடு சேர்த்துவிட்டுக் கியரை நுழைப்பீர்கள். சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டே தூங்கியிருக்கிறேன். இந்த வண்டியில் பல்சக்கரத்துக்கு அது தேவையில்லை. பின் டயருக்குத் தேவை. வேகம் சேர்ந்தபின் கிளட்சை மெதுவாக விட்டால் சக்கரத்துக்கு அதிர்ச்சியே தெரிவதில்லை, வாலும் ஒதுங்குவதில்லை. உங்கள் கட்டளையில் பாதியைத்தான் இங்கே கடைப்பிடிக்க முடிகிறது. உங்கள் கால் பழக்கத்தை முழுசாக வைத்துக்கொண்டேன்.

அப்படியும் ஒதுங்கினால் ஸ்டியரிங்கை வால் போகும் பக்கமே திருப்பி, போக வேண்டிய திசையைப் பார்க்க வேண்டும், பள்ளத்தைப் பார்க்கக்கூடாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் உதறும். பயந்து காலை எடுக்கக்கூடாது. நிலத்தின் சூடு கிடைக்காததால் பாலங்கள் மற்ற சாலைக்கு முன்பே உறைந்துவிடும்.

பெரும்பனி கொட்டிய அன்று மட்டும் வண்டியை எடுப்பதில்லை, மெட்ரோவில் போகிறேன். அடிப்பாகம் தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லை. பனியைத் தள்ளிக்கொண்டு போய் அதன் மேலேயே ஏறி நின்றுவிடும். ஆனால் தெருவோரம் விட்டுவிட்டுத் தூங்கவும் முடியாது. பனி அள்ளும் நேரத்தில் லாரி வந்து சைரன் ஊதும். அதற்குள் நகர்த்தாதவனின் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நள்ளிரவில் அந்தச் சத்தம் கேட்டுத் தெருவே பைஜாமாவோடு இறங்கி ஓடும் காட்சியை அம்மா பார்த்தால் சிரிப்பார்.

தம்பி தன் பிக்கப்பின் ரேடியேட்டரில், எளிதில் உறையாத கூலண்டுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றுகிறான் என்று எனக்குத் தெரியும். தலைகுந்தா பக்கம் காய்கறி ஏற்றப் போய் இரவில் அங்கேயே நிறுத்தினால், உறைபனி நாளில் அது வம்பு. பாதி கூலண்ட், பாதி சுத்தமான தண்ணீர் கலந்து ஊற்றச் சொல்லுங்கள். இந்த மாதம் அனுப்பும் பணத்தில் அதற்கும் சேர்த்திருக்கிறேன். பேட்டரி வாங்கி வருடம் எத்தனை ஆயிற்று என்றும் கேளுங்கள். என்னிடம் சொல்ல மாட்டான், உங்களிடம் சொல்வான்.

அன்புடன்,
உங்கள் மகன்