ஒஃபீலியாவைப் படம் எடுக்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஆங்கில ஓவியர் மில்லே வரைந்த, ஆற்றில் மிதக்கும் பெண்ணின் ஓவியமான 'ஒஃபீலியா' போலவே புகைப்படம் எடுக்கப்போவதாகவும், தொட்டியில் படுக்கத் தோழி ஒருத்தி சம்மதித்திருப்பதாகவும் எழுதியிருந்தாய்.

அந்த ஓவியத்தில் இருப்பவள் இன்னும் சாகவில்லை. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் ஒஃபீலியாவின் சாவு மேடைக்கே வராது. அரசிதான் வந்து சொல்வாள். விரிந்த உடை கொஞ்ச நேரம் தாங்கியது, அவள் பாடிக்கொண்டே மிதந்தாள், துணி நீரைக் குடித்துக் கனத்ததும் சேற்றுக்குள் இழுத்தது என்பாள். மில்லே வரைந்தது அந்தக் கொஞ்ச நேரத்தை. வாய் திறந்திருப்பது பாட்டுக்காக. உதட்டில் நீலம் பூசி, கண்ணை மூடவைத்தால் பாட்டு போய்விடும். பார்க்க அழகான பிணம்தான் மிஞ்சும். உண்மையில் மூழ்கி இறந்த உடல் பெரும்பாலும் முதலில் அடியில் தங்கும், பிறகு ஊதி, குப்புற மேலே வரும்.

மில்லே 1851-இல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், ஹாக்ஸ்மில் ஆற்றங்கரையில் ஐந்து மாதம் செடிகொடிகளை மட்டும் வரைந்தார். வெவ்வேறு பருவத்துப் பூக்கள் ஒன்றாக இருப்பது அதனால்தான். பெண்ணுக்கு இடம் விட்டுவைத்து, குளிர்காலத்தில் லண்டனில் எலிசபெத் சிடலைத் தொட்டியில் படுக்கவைத்தார். நீரைச் சூடாக வைக்க அடியில் எரிந்த விளக்குகள் அணைந்தன. அவர் கவனிக்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கடுமையாக நோயுற்றாள். அவள் அப்பா மில்லேயிடம் ஈடாக 50 பவுண்டு கேட்டார்.

நீயும் பின்னணியைத் தனியாக எடுத்துக்கொள். தோழி நீரில் கிடக்கும் நேரம் குறையும். நீர் 36 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும், வெப்பமானியால் பார். காற்றைவிடப் பல மடங்கு வேகமாக நீர் உடல் சூட்டை உறிஞ்சும், ஆகவே கால் மணிக்கு ஒருமுறை எழுப்பிவிடு. அவளாகச் சொல்வாள் என்று காத்திராதே. ஜரிகை உடை நனைந்தால் கல்லாகக் கனக்கும். வலைத்துணி போதும், விளிம்பு காலில் சுற்றாதபடி முழங்காலோடு நிறுத்து. மின்விளக்கு எதையும் தொட்டிக்கருகே வைக்காதே. அவளை மட்டும் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை நிறுத்து. கேமரா வழியே பார்ப்பவனுக்கு நடுக்கம் தெரியாது.

படத்துக்குக் கீழே தோழியின் பெயரையும் போடலாமா என்று அவளிடம் கேள். சிடலும் ஓவியர்தான், 1855-இல் கலை விமர்சகர் ரஸ்கின் அவள் ஓவியங்களுக்காக ஆண்டுக்கு 150 பவுண்டு தர முன்வந்தார். 1862-இல் அபின் கலந்த மருந்தால் அவள் இறந்தபின் அவள் கணவரும் ஓவியருமான ரொசெட்டி அவளை மூடிய கண்களோடு வரைந்தார். ஒரு சிவப்புப் பறவை அவள் கைகளில் வெள்ளைக் கசகசாப் பூவைப் போடுகிறது. அபின் எடுப்பதும் அந்தச் செடியிலிருந்துதான்.

அன்புடன்,
உன் ஓவிய நண்பர்கள்