பெருக்காமல் விட்ட வட்டம்

திருக்களர் ஊராருக்கும், தஞ்சாவூரில் எங்களுக்குத் துணை நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று முன்தினம் என் வீட்டுக்காரர் தஞ்சாவூர் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து, சொம்பைத் தன் கையாலேயே பிடித்துத் தண்ணீர் குடித்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு எழுத வருகிறது. நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பில்லை.

நள்ளிரவில் வந்து இரத்தம் கொடுத்த பிள்ளைகள், 23 நாளும் எங்கள் மாட்டைக் கறந்து வைக்கோல் போட்டவர்கள், கேட்காமலேயே சம்பா வயலில் களை எடுத்து முடித்த பெண்கள், கடன் என்ற சொல்லே வாயில் வராமல் பணத்தைக் கையில் திணித்துவிட்டுப் போன அவருடைய பள்ளித் தோழர்கள், கண் விழித்துக் காத்த மருத்துவர்கள், செவிலியர்கள்: உங்கள் ஒவ்வொருவர் வீட்டுப் படியையும் நான் மிதிப்பேன். இந்த மடலில் நீங்கள் யாரும் பார்த்திராத ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மருத்துவமனையின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டியருகே ஒரு பவழமல்லி மரம் நிற்கிறது. ஐந்தாம் நாள் விடியற்காலை, உள்ளே இருக்க முடியாமல் அங்கே போய் நின்றேன். இரவில் மலர்ந்து விடியும்போது உதிர்கிற பூ அது. தரை முழுவதும் வெள்ளை, நடுவே அந்தச் செம்மஞ்சள் காம்புகள். தூய்மைப் பணி செய்யும் ஓர் அக்கா அவற்றைப் பெருக்கிக் குவித்துக்கொண்டிருந்தார். குவியலிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தார். தலையை மட்டும் அசைத்தார்.

மறுநாள் போனபோது முற்றம் முழுவதும் பெருக்கியாகிவிட்டது. மரத்தடியில் மட்டும் வட்டமாக விட்டுவைத்திருந்தார். விளக்குமாற்றின் தடம் அந்த வட்டத்தின் விளிம்பில் வளைந்து நின்றது. அன்று முதல் தினமும் அப்படித்தான். நான் பொறுக்கி முடித்த பிறகு வந்து மிச்சத்தைப் பெருக்குவார். ஐப்பசி அடைமழை பிடித்த அன்று, சேறாக இருக்குமே என்று மனமில்லாமல் போனேன். மரத்தடியில் துவைத்த பழைய சேலை ஒன்று விரித்திருந்தது. அதன்மேல் பூக்கள், ஈரத்தோடு, ஒரு துளி மண் படாமல். அக்காவைத் தேடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். “சாமிக்கு என்று தெரிந்த பிறகு விளக்குமாறு படலாமா அம்மா?” என்று கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அவருக்கு அடுத்த கட்டடமும் பெருக்க வேண்டியிருந்தது.

நம் கோயிலின் தலமரமே பவழமல்லிதான். கீழே விழுந்த பூவைச் சாமிக்கு வைக்கக் கூடாது, பவழமல்லிக்கு மட்டும் அந்த விலக்கு உண்டு என்று ஆத்தா சொல்லி வளர்த்தார். சின்ன வயதில் அது பூவுக்குக் கிடைத்த சலுகை என்று நினைத்திருந்தேன். அந்த மழை நாளில், படுக்கையில் கிடந்தவரின் தலைமாட்டில் பூவை வைத்தபோதுதான், விழுந்ததையும் ஏற்றுக்கொள்கிற ஒருவரிடம் வந்து நிற்கிறோம் என்று தோன்றியது. முதல் நாளிலிருந்து சாமியோடு நான் போட்ட சண்டை அன்று நின்றது. உடம்பு தேறும் என்று எந்த மருத்துவரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் அன்றிரவுதான் நான் தூங்கினேன்.

நம்மூரில் பாடிய பதிகத்தில் சம்பந்தர் கடைசிப் பாட்டு தவிர ஒவ்வொரு பாட்டையும் ‘அடைந்தார்க்கு அருளாயே’ என்று முடிக்கிறார். எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். முதல் பாட்டிலேயே, ஊரார் இடும் பிச்சையை விரும்பி ஏற்பவன் என்று இறைவனைச் சொல்லியிருப்பது இப்போதுதான் மனதில் தைக்கிறது. ஊரார் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறவர், கொடுப்பதையும் ஊரார் கையாலேயே கொடுக்கிறார் போலும். சேலை விரித்த கை, களை பறித்த கை, பால் கறந்த கை. கோபுரத்தைப் பார்த்து நான் கேட்டதெல்லாம் இந்தக் கைகள் வழியாகத்தான் வந்தது.

அக்கா குடியிருப்பது ஒண்டுக் குடித்தனம், மரம் வைக்க இடமில்லை என்றார். பூ என்றால் உயிர் என்றும் சொன்னார். எங்கள் கொல்லையில் தாய் மரத்தடியில் தானாக முளைத்த கன்று ஒன்று இருக்கிறது. நான்கு இலை, தடவினால் இப்போதே சொரசொரப்பு. வேர் மண்ணோடு அதை எடுத்து ஒரு எண்ணெய் டின்னில் வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை மறுபரிசோதனைக்குத் தஞ்சாவூர் போகிறோம். விடியும் முன்பே போய்ச் சேர்கிற பஸ்ஸாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அக்கா வேலை தொடங்கும் நேரத்தில் அந்த மரத்தடியில் நான் நிற்க வேண்டும்.