தண்ணியில கலந்த யுரேனியத்தைப் பிடிக்குமோ எண்டு பழைய காளான் பாக்கை ஒருக்கா சோதிச்சுப் பாக்கச் சொல்லி ஒரு மனு

தலைவர்,
இலங்கை அணுசக்தி சபை,
ஒருகொடவத்தை.

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

நான் உங்கட கந்தோருக்குக் கிட்ட, வெல்லம்பிட்டிய பக்கம் வீட்டுக்குப் பின்னால கொட்டில் போட்டு சிப்பிக்காளான் வளர்க்கிறனான். றப்பர் மரத்தூள், தவிடு, கொஞ்சம் சுண்ணாம்பு போட்டுக் கட்டுற பாக்கில, அதுதான் பையில, மூண்டு நாலு தரம் காளான் புடுங்கினாப் பிறகு அது ஒண்டுக்கும் உதவாது, உடைச்சுப் பாத்தா உள்ளுக்க முழுக்க வெள்ளை நூல் மாதிரி பங்கசு பின்னிக் கிடக்கும், கொண்டுபோய் தென்னைக்கு அடியில கொட்டுறதுதான்.

அந்த நூல்தான் விசயம். ஸ்கொட்லாந்தில டண்டீ யூனிவர்சிட்டி ஜெப்ரி காட் எண்ட விஞ்ஞானியின்ர குழு 2008இல காட்டினது என்னெண்டா, யுரேனிய உலோகத்தில பங்கசை வளரவிட்டா அது உலோகத்தை அரிச்சு, பொஸ்பேற்றோட சேத்து, லேசில கரையாத கனிமமா தன்ர நூலைச் சுத்திப் படிய வைக்குது. தண்ணியோட போற சாமானைக் கல்லாக்கிப் போடுது எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. பொஸ்பேற்றுக்கு எங்களிட்ட எப்பாவலயில அப்பதைற் எண்ட பொஸ்பேற்றுக் கல் இருக்கு, அதுவும் தனிய யுரேனியத்தைப் பிடிக்கும். சீசியம் எண்ட மற்றக் கதிர்வீச்சுச் சாமானுக்கு சியோலைற் எண்ட கனிமம், புகுஷிமா அணு உலை விபத்தில 2011இல அதைப் பாவிச்சவை.

களனி கங்கைத் தண்ணி கெட்டுப்போச்சு எண்டு நான் சொல்ல வரேல்ல. ஆனா பேருவளை மணலில தோரியம் எண்ட கதிர்வீச்சு உலோகம் உள்ள மொனசைற் கனிமம் கிடக்கு, கடலுக்கு அங்கால கூடங்குளம் அணு மின்நிலையம், ஒண்டு நடந்தாப் பிறகு ஓடித்திரியாம இப்பவே தெரிஞ்சு வச்சிருந்தா என்ன? கொழும்பில பிறந்த ஆனந்த குமாரசாமி 1904இலயே இந்த நாட்டில தோரியனைற் எண்ட தோரியக் கனிமத்தைக் கண்டுபிடிச்சவர், எங்களுக்கு இது புதுக்கதையும் இல்ல.

நான் கேக்கிறது பெருசில்ல. இருபது பாக் சும்மா தாறன். உங்கட லாபில யுரேனியம் கலந்த தண்ணியை பாக் தூளில ஒருக்கா, எப்பாவலத் தூளில ஒருக்கா, ரெண்டும் கலந்து ஒருக்கா விட்டு, உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணிக்குச் சொல்லுற லீற்றருக்கு 30 மைக்ரோகிராமுக்குக் கீழ வருதோ எண்டு பாருங்கோ. சிப்பிக்காளான் அந்தளவுக்கு வேலை செய்யுமோ எண்டு பாத்தாத்தான் தெரியும்.

ஒண்டு, இதால கதிர்வீச்சு இல்லாமப் போகாது, தண்ணியில இருந்து பாக்குக்கு இடம் மாறுது அவ்வளவுதான், அதால பாவிச்ச பாக்கை நீங்களே கழிவாப் பொறுப்பெடுக்கோணும், என்னட்டத் திருப்பி அனுப்பிப் போடாதேங்கோ, தென்னைக்கு அதைப் போட ஏலாது!

நாளைச் சொன்னா த்ரீவீலரில போட்டுக்கொண்டு வாறன். மழை நாளெண்டா மட்டும் வேண்டாம், பாக் நனைஞ்சா பச்சைப் பூஞ்சணம் பிடிச்சிடும்.

இப்படிக்கு,
காளான் வளர்ப்பவர்,
வெல்லம்பிட்டிய.