செல்வத்துக்கு: துப்பாக்கிகளோடு டெக்சாஸிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு

சான் அன்டோனியோ

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. வைஷ்ணவிக்கு வரன் முடிவானதில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சீர் எதுவும் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டாரே சொல்லிவிட்டார்கள் என்றால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரிதான். தை மாதம் லீவு வேண்டும் என்று ஆபீசில் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். பெரியப்பாவின் கண் ஆபரேஷன் எப்படி இருந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

நாங்கள் கலிஃபோர்னியாவுக்குக் குடிபோவது உறுதியாகிவிட்டது. கவிதாவுக்கு இர்வைனில் நல்ல வேலை. எனக்கு எங்கிருந்தும் செய்கிற வேலை. பையனுக்கு இந்தப் பள்ளி ஆண்டு முடிந்ததும் கிளம்புகிறோம். "அந்தத் துப்பாக்கிகளையெல்லாம் விற்றுவிட்டு நிம்மதியாகப் போ, உனக்கு எதற்கு அந்தத் தலைவலி" என்று எழுதியிருந்தாய். நீ சொன்னதை ஒதுக்கிவிடவில்லை, பல நாள் யோசித்தேன். எல்லாவற்றையும் விற்கப் போவதில்லை. எல்லாவற்றையும் கொண்டுபோகவும் முடியாது. எதை எடுப்பது, எதை விடுவது என்று இப்போது ஒரு தெளிவு வந்திருக்கிறது.

டெக்சாஸில் ஒருவன் எத்தனை துப்பாக்கி வைத்திருக்கிறான் என்று மாநில அரசு கேட்பதில்லை. பதிவு கிடையாது. 2021 செப்டம்பர் முதல், தகுதி உள்ளவர் கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கக்கூட லைசென்ஸ் தேவையில்லை. அதற்காக யாரும் வாங்கலாம் என்று நினைத்துவிடாதே. எச்1பி விசாவில் இருக்கிறவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது என்பது மத்தியச் சட்டம். நான் கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான் முதல் துப்பாக்கியை வாங்கினேன்.

கலிஃபோர்னியாவில் கதையே வேறு. குடிவந்த 60 நாளுக்குள், கூடக் கொண்டுவந்த ஒவ்வொரு துப்பாக்கியையும் மாநில நீதித் துறையிடம் பெயர், மாடல், சீரியல் நம்பரோடு அறிவிக்க வேண்டும். அதற்கென்று புதுக் குடியிருப்பாளர் படிவம் ஒன்று இருக்கிறது, கட்டணம் 19 டாலர். முன்பு கைத்துப்பாக்கிக்கு மட்டும் இருந்த விதி 2014 முதல் ரைஃபிள், ஷாட்கன் எல்லாவற்றுக்கும் சேர்ந்துவிட்டது. அறிவிக்க விருப்பமில்லையென்றால் அந்த 60 நாளுக்குள் லைசென்ஸ் உள்ள வியாபாரியிடம் விற்கலாம், அல்லது போலீசிடமோ ஷெரீஃபிடமோ ஒப்படைத்துவிடலாம்.

இங்கே துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பழகியவர்கள் பலருக்கு இந்தப் பதிவுதான் பெரிய உறுத்தல். "அரசாங்கத்துக்கு எதற்குக் கணக்கு?" என்பார்கள். எனக்கு அதில் துளியும் வருத்தம் இல்லை. தேர்தல் தேதி அறிவித்ததும் உங்கள் பெரியப்பா ரெட்டைக்குழல் துப்பாக்கியைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், ஒப்படைத்து, ரசீதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வருவாரே, அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒருத்தருக்கு மூன்று என்றிருந்ததை இரண்டாக்கி 2019-ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியபோதும் அவர் முணுமுணுக்காமல் ஒன்றைக் கொடுத்தார் என்று நீதான் எழுதியிருந்தாய். துப்பாக்கி வைத்திருக்கிறவன் அது தன்னிடம் இருக்கிறது என்று ஊரறியச் சொல்லத் தயங்கக் கூடாது என்பது என் எண்ணம்.

சிக்கல் பதிவில் இல்லை. எதைப் பதியவே முடியாது என்பதில்தான் இருக்கிறது.

முதலில் என் ஏஆர்-15 ரைஃபிள். கலிஃபோர்னியா சட்டம் துப்பாக்கியின் பெயரைப் பார்க்கிறது, உறுப்புகளையும் பார்க்கிறது. அடி நடுவில் தட்டினால் வெடிக்கும் சென்டர்ஃபயர் தோட்டா போட்டு, ஒவ்வொரு முறை சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளில் மேகசின், அதாவது தோட்டாப் பெட்டி, கழற்றி மாட்டுவதாக இருந்து, கூடவே கைத்துப்பாக்கிப் பிடி மாதிரியான பிஸ்டல் கிரிப்போ, தோளில் அணைக்கும், நீட்டிக் குறைக்கும் அடிக்கட்டையோ, தீப்பிழம்பு மறைப்பானோ ஒன்று இருந்தாலும் அது 'அசால்ட் வெப்பன்'. என்னுடையதில் இந்த மூன்றும் இருக்கின்றன. அதைக் கொண்டு எல்லையைக் கடப்பதே குற்றம். 60 நாள் சலுகை அதற்குக் கிடையாது. கிரிப்பை மாற்றி, அடிக்கட்டையை நகராமல் இறுக்கி, மறைப்பானைக் கழற்றினால் கொண்டுபோகலாம். அப்படிச் செய்கிறவர்கள் நிறையப் பேர். எனக்கு மனம் ஒப்பவில்லை. சட்டம் சொல்கிற எழுத்துக்குப் பொருந்தினாலும், மறுநாள் விதி திருத்தப்பட்டால் மறுபடி ஸ்பேனரோடு உட்கார வேண்டும். 2016-ல் இப்படித்தான் ஒரு திருத்தம் வந்து, அதுவரை சட்டப்படி வைத்திருந்தவர்கள் எல்லாம் பதிவுக்கு ஓடினார்கள். இங்கேயே ஒரு கடையில் விற்பனைக்குக் கொடுத்துவிட்டேன்.

இந்த உறுப்புக் கணக்கு சரியான அளவுகோல் என்று நான் இன்னும் நம்பவில்லை. பிடி எந்தக் கோணத்தில் இருந்தாலும் குழலிலிருந்து வருகிற குண்டு ஒன்றுதான். ஆனால் அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்த பிறகு, அதைப் பற்றி இளக்காரமாகப் பேச எனக்கு வாய் வரவில்லை. 1989 ஜனவரி 17. ஸ்டாக்டன் என்ற ஊரில் கிளீவ்லேண்ட் ஆரம்பப் பள்ளி. இடைவேளையில் குழந்தைகள் மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஏகே வகைத் துப்பாக்கியோடு வந்து சுட்டான். ஐந்து குழந்தைகள் இறந்தார்கள், முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். இறந்த குழந்தைகள் கம்போடியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் போருக்குத் தப்பி வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். இங்கே வந்தால் பிள்ளை பிழைக்கும் என்று கடல் கடந்து வந்த பெற்றோர்கள், செல்வம். நானும் பிள்ளைக்காகத்தான் வந்தேன். அந்த ஆண்டே கலிஃபோர்னியா சட்டமன்றம் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது, உறுப்புக் கணக்கு பின்னால் அதில் சேர்ந்தது. அளவுகோலில் குறை இருக்கலாம். அந்த ஊர்க்காரர்கள் எதைப் பார்த்து அதைக் கையில் எடுத்தார்கள் என்பது தெரியாமல் நான் அங்கே குடியேறக் கூடாது.

இரண்டாவது, .22 ரைஃபிளுக்கு வாங்கிய சைலன்சர். டெக்சாஸில் சட்டப்படி வைத்துக்கொள்ளலாம், கலிஃபோர்னியாவில் சாதாரண ஆட்களுக்குக் கிடையாது. இது 1934-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் கீழ் வருகிற பொருள். துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய ஏடிஎஃப் துறையின் அனுமதி வராமல் கைமாறக் கூடாது. "இருக்கட்டும், நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று நண்பர் ஒருவர் அன்போடு சொன்னார். அவர் பீரோவில் வைத்தாலே அது அவர் மேல் கேஸ் ஆகிவிடும். அதனால் இதை முறைப்படி கைமாற்றும் காகித வேலையைத்தான் முதலில் தொடங்கினேன். மற்றதை எல்லாம் கடைசி வாரத்தில்கூட முடிக்கலாம், இதை முடியாது.

கைத்துப்பாக்கி விஷயத்தில் எனக்கே ஆச்சரியம். கலிஃபோர்னியாவில் கடைக்காரர்கள் அரசுப் பட்டியலில் இருக்கிற கைத்துப்பாக்கியைத்தான் புதிதாக விற்கலாம். ஆனால் குடிபெயர்ந்து வருகிறவர் தன்னிடம் ஏற்கெனவே இருக்கிற, பட்டியலில் இல்லாததையும் கொண்டுவந்து பதியலாம். ஆக என் கிளாக் கைத்துப்பாக்கி வருகிறது. அதன் 15 தோட்டா மேகசின்கள் வரக் கூடாது. 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினை மாநிலத்துக்குள் கொண்டுவருவது 2000-லிருந்தே தடை. 10 தோட்டா மேகசின்கள் வாங்கிவிட்டேன். பையன் சுடப் பழகிய ரூகர் 10/22 ரைஃபிள், அப்புறம் ஒரு பழைய ஷாட்கன், இரண்டிலும் எந்த வில்லங்கமும் இல்லை.

இனி நம்ம இஷாப்பூர். நீ இதைத்தான் முதலில் கேட்டிருப்பாய் என்று தெரியும்.

என்.சி.சி.யில் நாம் தோளில் தூக்கி டிரில் பண்ணிய .303 ரைஃபிளின் தம்பி அது. 1962 சீனப் போருக்குப் பிறகு, அதே லீ என்ஃபீல்டு வடிவத்தை 7.62 தோட்டாவுக்கு ஏற்ப வலுவான எஃகில் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தார்கள். 2ஏ1 என்று பெயர். ராணுவம், போலீஸ் என்று உழைத்து ஓய்ந்தவை பின்னால் உபரியாக அமெரிக்காவுக்குக் கப்பலேறின. அடிக்கட்டையும் இரும்பும் சேருகிற இடத்தில் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையைக் குறிக்கும் ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்தும் ஆண்டும் பொறித்திருக்கும். முதன்முதலில் கடையில் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தபோது, விலை கேட்கும் முன்பே வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். போல்ட்டை இழுத்துத் தள்ளினால் அதே சத்தம். டிரில் சொல்லித் தந்த உஸ்தாத் "தேஸ் சல்" என்று பின்னால் கத்துகிற மாதிரி இருக்கும்.

போல்ட் ஆக்ஷன் ரைஃபிள் என்பதால் துப்பாக்கிக்குத் தடை இல்லை. ஆனால் அதன் மேகசின்! .303-க்கு 10 தோட்டா கொள்ளும் மேகசின், உனக்கு நினைவிருக்கும். 2ஏ1-க்கு அடிப்பாகம் சதுரமாக, 12 தோட்டா கொள்ளும்படி செய்துவிட்டார்கள். ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுக்க வேண்டிய அறுபது வருடத்துத் துப்பாக்கி; இருந்தாலும் அந்தத் தகரப் பெட்டியில் இரண்டு தோட்டா அதிகம் என்பதால் அதுவும் தடையில் அடங்குகிறது. .303 மேகசினை மாட்டிப் பார்த்தேன், தோட்டாவின் வடிவம் வேறு என்பதால் சரியாக ஏறவில்லை.

சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. மறுபடி மாற்ற முடியாதபடி நிரந்தரமாக 10-க்குக் குறைத்துவிட்டால் அது தடைக்குள் வராது. என்னிடம் உபரியாக இருந்த இன்னொரு மேகசினை இங்கே ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்தேன். ஸ்பிரிங்கைக் கழற்றி, உள்ளே அடியில் ஒரு எஃகுத் துண்டை வைத்து, வெளியிலிருந்து ரிவெட் அடித்து, மேலே பற்றவைத்தும் கொடுத்தார். கைதேர்ந்த வேலை. பத்தாவது தோட்டா 'டக்' என்று உட்காருகிறது. பதினொன்றாவதைக் கட்டைவிரலால் எவ்வளவு அழுத்தினாலும் இறங்கவில்லை. ஒரிஜினல் மேகசினில் ஓட்டை போட மனம் வராததால் அதை ரேஞ்ச் நண்பரிடமே கொடுத்துவிட்டேன். மேகசினுக்கு மத்தியப் பதிவு எதுவும் கிடையாது, அதனால் அவருக்கும் தொல்லை இல்லை.

தோட்டாக்கள் எதையும் எடுத்துப் போவதில்லை. வெளிமாநிலத்தில் வாங்கிய தோட்டாவை அங்கே குடியிருப்பவர் நேரடியாகக் கொண்டுவரக் கூடாது என்று 2018-லும், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பின்னணிச் சோதனை என்று 2019 ஜூலையிலும் விதி வந்தது. இதன் மேல் பல வருடமாக வழக்கு நடக்கிறது. வழக்கு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் என் டிக்கி காலியாக இருப்பது நல்லது. இருப்பதைப் பையனோடு ரேஞ்சிலேயே சுட்டுத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன், அவனுக்குக் கொண்டாட்டம்.

ஏன் இவ்வளவு முன்ஜாக்கிரதை என்று கேட்பாய். நியூ ஜெர்சியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கொலராடோவில் சட்டப்படி கைத்துப்பாக்கிகள் வாங்கிய ஒரு இளைஞன் நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தான். 2009 ஜனவரியில் அவன் மனநிலையைப் பற்றிக் கவலைப்பட்ட அம்மா அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்துவிட்டு, வேண்டாம் என்று வைத்துவிட்டாள். போலீஸ் வந்தது. காரின் பின் டிக்கியில், தோட்டா போடாமல், சாமான்களுக்கு நடுவே துப்பாக்கிகள். வீடு மாறும்போது எடுத்துச் செல்ல அங்கே சட்ட விலக்கு இருக்கிறது. ஆனால் அந்த விலக்கை ஜூரிகள் கணக்கில் எடுக்க நீதிபதி அனுமதிக்கவில்லை. ஏழு வருடச் சிறை. 2010 டிசம்பரில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி தண்டனையைக் குறைத்து விடுவித்ததால் வெளியே வந்தான். அவன் யாரையும் மிரட்டவில்லை, எதையும் திருடவில்லை. வீடு மாறுவது என்று தொடங்கி என்று முடிகிறது என்பதில்தான் சிக்கல் வந்தது. அந்தத் தாயை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் வீட்டு வாடகை ஒப்பந்தம், வேலைக் கடிதம், ஒவ்வொரு துப்பாக்கியின் ரசீது, சீரியல் நம்பர் போட்டோ எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுவிட்டேன். கவிதாவிடம் ஒரு நகல்.

சாமான் ஏற்றும் கம்பெனிக்காரர்கள் துப்பாக்கியைத் தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அது எனக்குச் சௌகரியம்தான். ஐ-10 நெடுஞ்சாலையில் எல் பாசோ, டூசான், ஃபீனிக்ஸ் வழியாக நானே ஓட்டிக்கொண்டு போகிறேன். எல்லாம் காலியாக, பூட்டிய பெட்டிகளில், டிக்கியில். கிளவ் பாக்ஸைப் பூட்டினாலும் அது கணக்கில் சேராது என்று கலிஃபோர்னியா சட்டம் தெளிவாகச் சொல்கிறது. எல்லையில் பிளைத் ஊர் அருகே நிறுத்தி, பழம் செடி ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார்கள். கவிதா தன் கறிவேப்பிலைத் தொட்டியைக் கொண்டுபோகவே முடியாது என்று இப்போதிருந்தே வருந்துகிறாள். கலிஃபோர்னியா ஆரஞ்சுத் தோட்டங்களுக்குப் பூச்சி போய்விடும் என்று கறிவேப்பிலைக்கு அவ்வளவு கட்டுப்பாடு.

போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே படிவத்தை அனுப்பிவிடுவேன். 59-ஆவது நாள் வரை வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

புது வீட்டு முகவரியை அங்கே போனதும் எழுதுகிறேன். பத்திரிகை அடித்ததும் வாட்ஸ்அப்பில் ஒன்று, தபாலில் ஒன்று அனுப்பு. கவிதாவுக்குப் பூஜை அறையில் வைக்கக் காகிதத்தில்தான் வேண்டுமாம். நம்ம என்.சி.சி. ஆட்கள் யார் யாரைக் கூப்பிடுகிறாய் என்றும் எழுது. ஜோசப்பை விட்டுவிடாதே.

அன்புடன்,
ரவி