சேர்ந்துவிட்டார்கள் என்றால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இதழ்ச் சிறுகதைகளை விடாமல் வாசிக்கிறவள் நான். பிரிந்த சோடிகள் பல வருடம் கழித்துச் சேரும் கதைகள் இப்போது நிறைய வருகின்றன. எனக்கு அவை விருப்பம். ஐம்பது வயதுப் பெண்ணுக்கும் மனசு உண்டு என்று எழுதுகிறார்களே, அதுவே பெரிய சந்தோசம்.

ஆனால் அந்தக் கதைகளில் அவர் கனடாவில் இருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார், வீதியில் அவளைக் காண்கிறார், 'உன்னை மறக்கவில்லை' என்கிறார். சரி, கதை முடிந்தது! இடையில் அத்தனை வருடமும் எங்கே போனது? போரால் 1990இல் நின்ற யாழ்தேவி ரயில் 2014இல்தான் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. 1995 இடப்பெயர்வில் ஆளுக்கொரு திசையாகப் போனோம். சீதனம் பேசிக் குழம்பியவை, சாதி பார்த்துப் பிரித்தவை வேறு. ஒரு வசனத்தில் தீர்கிற காரியங்களா இவை?

என் சினேகிதியை விட்டுப் போன கணவர் பதினொரு வருடத்தின் பின் தேடி வந்தார். அவள் பழையபடி இரண்டு கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை, நீரிழிவாம். அது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்றுதான் அன்றிரவு அழுதாள். அவர்கள் ஒரே வீட்டில் இருக்க இன்னும் ஒன்றரை வருடம் எடுத்தது. அந்த ஒன்றரை வருடத்தைச் சொல்லும் கதைகளை எழுத்தாளர்களிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள், ஐயா.

இப்படிக்கு,
வாசகி,
கோண்டாவில்.