பூக்காரியின் குரல் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஹாலிவுட் இசைப்படங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை 'மை ஃபேர் லேடி'யை வானளாவப் புகழ்ந்திருந்ததை நம்பி, சென்ற வாரம் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து அதைப் போட்டுப் பார்த்தேன். 1964-இல் வெளிவந்து, சிறந்த படம் உட்பட 8 ஆஸ்கர் விருதுகளை வாங்கிய படம் என்பதால், 170 நிமிடம் ஓடும் என்பதைக்கூட நான் பொருட்படுத்தவில்லை. இடைவேளைக்குள் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். நான் கடைசிவரை இருந்து ஏமாந்தேன்.

செசில் பீட்டனின் உடையலங்காரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அஸ்காட் குதிரைப் பந்தயக் காட்சி ஒன்றே போதும். என் வருத்தமெல்லாம் குரலைப் பற்றியது.

தெருவில் பூ விற்கும் எலைசாவின் பேச்சை ஒலியியல் பேராசிரியர் ஒருவர் மாற்றிக் காட்டுகிறார் என்பதே கதை என்னும்போது, அவள் குரல்தான் படத்துக்கு உயிர். ஆனால் எலைசாவாக நடித்த ஆட்ரி ஹெப்பர்ன் பாடிப் பதிவு செய்தவற்றில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, பாடகி மார்னி நிக்சனைப் பாடவைத்திருக்கிறார்கள். பேராசிரியர்மேல் ஆத்திரம் பொங்க எலைசா தனியே பாடும் பாட்டைக் கேட்டாலே இது புரியும். தொடக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு, கரகரப்பாக வருவது ஹெப்பர்னின் சொந்தக் குரல். அரசரே தன்னைக் கொண்டாடுவதாக அவள் கனவு காணும் இடம் வந்ததும், தேர்ந்த பாடகியின் குரல் நுழைந்துவிடுகிறது. முடிவில் மறுபடியும் ஹெப்பர்ன்.

பின்னணிப் பாட்டிலேயே ஊறிய தமிழ்க் காதுக்கு இரவல் குரல் உறுத்தலாமா என்று கேட்பீர்கள். நம் படங்களில் பெரும்பாலும் நாயகன், நாயகி இருவருக்குமே இரவல் குரல்தான். பாடியவர் யார் என்று வானொலியில் பெயர் சொல்லித்தான் பாட்டே போடுவார்கள். இங்கோ, பேராசிரியராக நடித்து, பாட்டைப் பேச்சாகவே ஓட்டிச் செல்லும் ரெக்ஸ் ஹாரிசனுக்காகக் கழுத்துப் பட்டையில் கம்பியில்லா ஒலிவாங்கியை மறைத்துவைத்துப் படப்பிடிப்பிலேயே நேரடியாகப் பதிவு செய்திருக்கிறார்கள். எலைசாவுக்குப் பாடிய மார்னி நிக்சனின் பெயரைப் படத்தின் எழுத்துகளில் தேடினேன், இல்லை. மேடையில் எலைசாவாகப் பாடிப் புகழ்பெற்றிருந்த ஜூலி ஆண்ட்ரூசையும் ஒதுக்கிவிட்டல்லவா இத்தனையும் செய்தார்கள்! அவர் அதே ஆண்டு வந்த 'மேரி பாப்பின்ஸ்' படத்துக்காகச் சிறந்த நடிகை விருதைத் தட்டிச் சென்றார். ஹெப்பர்னின் பெயரோ பரிந்துரைப் பட்டியலில்கூட இடம்பெறவில்லை.

கடைசிக் காட்சி இன்னும் கசந்தது. பேராசிரியர் எலைசாவின் பழைய பேச்சைப் பதிவுக் கருவியில் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்க, அவள் ஓசையில்லாமல் உள்ளே வந்து கருவியை நிறுத்திவிட்டு, மீதியைத் தன் பழைய கொச்சையிலேயே சொல்கிறாள். அந்த ஒரு கணம் உண்மையாகவே அழகு. அவரோ தொப்பியை முகத்தில் சரித்துக்கொண்டு, தன் செருப்பு எங்கே என்று கேட்கிறார். மூல நாடகத்தை எழுதிய பெர்னார்ட் ஷா, எலைசா மணப்பது அவளைக் காதலிக்கும் இளைஞன் ஃப்ரெடியைத்தான் என்று பின்னுரையே எழுதிவைத்திருந்தும், படம் அவளைப் பேராசிரியரிடமே கொண்டுவந்து விட்டுவிடுகிறது. "இதற்கா இவ்வளவு பாடு பட்டாள்?" என்றாள் என் மகள்.

தங்கள் கட்டுரை, பாடல்களைப் புகழ்ந்த இடத்தில் ஹெப்பர்னின் பெயரை மட்டுமே குறிப்பிட்டிருந்தது. மார்னி நிக்சனின் பெயரையும் சேர்த்து ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.