சொக்குவுக்கு, டிசம்பர் பயணம் பற்றி

அன்புள்ள சொக்கு,

உன் கடிதமும் பட்டியலும் கிடைத்தன. கொடைக்கானல், வால்பாறை, கொல்லிமலை, தனுஷ்கோடி என்று நான்கையும் டெண்ட் போட்டுத் தங்கி ஐந்தே நாளில் பார்த்துவிடலாம் என்கிறாய். பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஐந்து பாடத்தையும் முடிக்கப் பார்த்தவன்தானே நீ, மாறவே இல்லை.

போன மே மாதம் நாங்கள் பட்டதை உனக்கு முழுசாகச் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. வீட்டை விட்டுக் கிளம்பவே பதினொன்றாகிவிட்டது, மலைமேல் டெண்ட் போடும் இடத்துக்குப் போய்ச் சேரும்போது மணி எட்டு, நல்ல இருட்டு. தரையிலிருந்து ஈரம் ஏறக் கூடாது என்று தார்ப்பாயை டெண்டைவிட அகலமாக, நாலு பக்கமும் வெளியே தெரியும்படி விரித்தேன், பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு. பத்து மணிக்குக் கோடை மழை பிடித்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த தார்ப்பாயில் விழுந்த தண்ணீரெல்லாம் வழிந்து நேராக எங்களுக்கு அடியில் வந்து தேங்கிவிட்டது. தார்ப்பாய் டெண்டுக்குள் நாலு விரல் அடங்கித்தான் இருக்க வேண்டும் என்று பக்கத்து டெண்ட்காரர் மறுநாள் காலையில் சொன்னார். கழிப்பறையோ ஒரு மேட்டுக்கு மேலே. முழங்கால் வலியோடு அந்த மேட்டை ஏற முடியாது என்று ஆத்தா தண்ணீர்கூடக் குடிக்காமல் காரிலேயே உட்கார்ந்து விடியவிட்டாள். அதிலிருந்து ஊர்ப் பெயரைப் பார்த்து இடம் முடிவு செய்வதில்லை, ராத்திரியைப் பார்த்துத்தான். வெளிச்சத்திலேயே போய்ச் சேர முடியுமா, யாருடைய நிலம், கழிப்பறை எத்தனை தூரம், எவ்வளவு குளிரும், இவ்வளவுதான் கேட்பேன்.

அப்படிப் பார்த்தால் உன் பட்டியலில் தனுஷ்கோடி முதலில் அடிபடும். 1964 புயலில் போன ஊரைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்தான், ஆனால் பகலில்தான் காட்ட முடியும், சாயங்காலத்துக்கு மேல் அங்கே இருக்க விடமாட்டார்கள். விட்டாலும் அந்த மணலில், அந்தக் காற்றுக்கு டெண்ட் முளை எப்படி நிற்கும்? வால்பாறைக்கு ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, அதைக்கூட விடு. சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம், தேயிலைக்குள்ளேயே யானை நடக்கிற ஊர். 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடி பக்கம் டெண்டில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை தாக்கிக் கொன்றதே, அதற்குப் பிறகு அந்த மாதிரி ஊரில் பிள்ளைகளைத் துணிச் சுவருக்குள் படுக்கவைக்க எனக்குத் தைரியம் இல்லை. போனால் அறை எடுத்துத் தங்குவோம். கொல்லிமலைக்கு 70 வளைவு. என் சின்னவன் மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுப்பான், நீ பின்சீட்டில் அவன் பக்கத்தில் உட்காருவதாக இருந்தால் சொல்.

கொடைக்கானலை வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும், அது ஒரு பெரிய வேலை இல்லை. குளிர்தான் பிரச்சினை. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பார்கள், கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், கணக்குப் போட்டுப் பார். இங்கே மார்கழி ராத்திரிக்கே நாம் போர்வையைத் தேடுகிறோம். கொடைக்கானலைப் பகலில் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம்.

நான் சொல்வது சிறுமலை. திண்டுக்கல்லை ஒட்டின மலை, 18 வளைவுதான், சின்னவன் தாங்குவான். மலைவாழைக்குப் புவிசார் குறியீடு வாங்கின ஊர், பழம் சாப்பிட்டே பிள்ளைகளுக்குப் பொழுது போய்விடும். காப்புக்காட்டில் கால் வைக்க வேண்டாம், வனத்துறை அனுமதி இல்லாமல் முடியாது. யாராவது தோட்டக்காரரிடம் கேட்டு அவர் பட்டா நிலத்தில், வீட்டுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொள்ளலாம். அவர் கேட்கிற பணத்தைக் கொடுத்துவிடுவோம். கட்டை போட்டுத் தீ மூட்டுகிற ஆசையை மட்டும் விட்டுவிடு. 2018-இல் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் மாட்டிச் செத்ததை மறக்க முடியுமா? சின்ன கேஸ் அடுப்பு என்னிடம் இருக்கிறது.

போகிற வழியில் எங்கள் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடியில் பறவைகள் பார்க்கலாம், டிசம்பரில் நிறைய வந்திருக்கும். அந்தப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை, இதை உன் மகனிடம் சொல், போன வருஷம் எவ்வளவு சரம் வெடித்தான் என்று எனக்குத் தெரியும். அங்கிருந்து சிங்கம்புணரி தாண்டினால் பிரான்மலை, பாரியின் பறம்புமலை. மலையில் ஏற வேண்டாம், அடிவாரத்தில் நின்று முல்லைக்குத் தேர் கொடுத்த கதையைச் சொன்னால் போதும். அப்புறம் மேற்கே தெரிகிற பழனி மலைகளைக் காட்டிப் பேகன் கதையைச் சொல்லலாம். அவன் மயிலுக்குப் போர்வை கொடுத்த இடம் என்றால் குளிர் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளே புரிந்துகொள்வார்கள். உன் வீட்டுப் போர்வைகளைத் தலைக்கு இரண்டாகக் கொண்டுவா, என்னிடம் இருப்பதை எந்த மயிலுக்கும் தருவதாக இல்லை.

முதல் ராத்திரி மட்டும் எங்கள் வீட்டில். சென்னையிலிருந்து நாள் பூராவும் ஓட்டிக்கொண்டு வந்து அன்றைக்கே மலை ஏறாதே. புது டெண்டை வீட்டு நடுமுற்றத்தில், எங்கள் வளவில் போட்டுப் பார்த்துவிடலாம், முளையடிக்க முடியாது, ஆத்தங்குடிக் கல்லில் ஆணி வைத்தால் ஆத்தா என்னை வீட்டை விட்டுத் துரத்திவிடுவாள், நாலு தூணிலும் கயிற்றைக் கட்டிக்கொள்வோம். கம்பி ஒன்று குறைகிறதா, ஜிப் சிக்குகிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். மேலே திறந்த வளவுதானே, மழை வந்தால் தார்ப்பாய்ப் பரீட்சையும் முடிந்துவிடும்.

ஆத்தா இந்தத் தடவையும் வருகிறாள். கழிப்பறையை முதலில் பார்த்துவிட்டு எழுது என்றாள், அடுத்த வாரம் சிறுமலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். சீப்புச்சீடைக்கு இப்போதே அரிசி களைந்து காயவைத்திருக்கிறாள். உன் மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டது என்று எழுதியிருந்தாயே, அதைச் சொன்னேன். அவளுக்கு மட்டும் மாவுருண்டையாம்.

உன்
லெட்சுமணன்
காரைக்குடி